அண்ணி பிழைத்துவிட்டார், மகளுக்கு எந்தப் படிப்பு?

அண்ணே, போன ஞாயிறு பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி மகளோடு வந்தீர்கள். மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து ஒபரேஷன் செய்த அண்ணி பிழைத்து வீடு திரும்பியதே பெரிய விஷயம். பயம் தெளியக் கொஞ்ச நாள் ஆகும். சரி, ஆறுதல் இவ்வளவு போதும். மகளுக்கு உங்கள் மச்சான் சொல்லும் வெளிநாட்டு மருத்துவப் படிப்பு வேண்டாம். அவள் ரேடியோகிராபி, அதாவது ஸ்கேன், எக்ஸ்ரே படம் எடுக்கும் தொழிலைப் படிக்கட்டும்.

சேமலாப நிதிச் சல்லி, அண்ணியின் நகை, வட்டிக் கடன் மூன்றும் சேர்ந்தாலும் போதாது என்று நீங்களே கணக்குக் காட்டினீர்கள். முடித்து வந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே பதிவு. அண்ணிக்கு இன்னும் கிளினிக் செலவு இருக்கிறது. அந்தச் சல்லியில் கை வைக்கவே கூடாது.

மூன்று தரம் கேட்டேன், டொக்டராக வேண்டும் என்று மகள் ஒரு தரமும் சொல்லவில்லை. அவள் கேட்டது வேறு: "ஒபரேஷன் முடிந்து நன்றாகப் பேசிய அம்மாவுக்கு ஏழாம் நாள் ஏன் கை விளங்காமல் போனது? மூளை இரத்தக் குழாய் சுருங்கியதை எப்படிப் பார்த்தார்கள்?"

மூளையைச் சுற்றிக் கசிந்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வரும். நாடியை, அதாவது இரத்தம் கொண்டுவரும் குழாயை, தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஒக்சைட்டை அது பிடித்துக்கொள்ளும். சுருக்குகிற எண்டோதீலினின் கை ஓங்கும். இந்தச் சுருக்கம் மூன்றாம் நாளுக்கு மேல் தொடங்கி, ஏழு முதல் பத்தாம் நாள்வரை கடுமையாகி, இரண்டு வாரமளவில் தணியும். அண்ணிக்கு நான்கு மணிக்கொரு தடவை 21 நாள் கொடுத்த நிமோடிபின் இதற்காகத்தான். படத்தில் குழாயைப் பெரிதாக விரிக்காவிட்டாலும் மூளையைக் காப்பாற்றும் மருந்து அது.

அந்தச் சுருக்கத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறவர் ரேடியோகிராபர். கை நாளத்தில் ஏற்றிய அயடின் சாயம் மூளை நாடிக்கு வரும் அந்தச் சில விநாடிக்குள் சீ.டீ. படம் விழ வேண்டும். பிந்தினால் நாளங்களும் நிறைந்து படம் குழம்பும். அஞ்சியோகிராம் அறையில் சாயத்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் மண்டையோடு மறைந்து, குழாய்கள் மட்டும் இலை உதிர்ந்த மரம் போல நிற்கும். எந்தக் கிளை மெலிந்தது என்பதை வைத்தியர் அதில்தான் பார்க்கிறார். இதைச் சொன்னபோது பிள்ளையின் முகத்தைப் பார்த்தீர்கள்தானே?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராபி நான்கு வருடப் பட்டப்படிப்பு. கற்பித்தல் கட்டணம் கிடையாது. உயர்தர உயிரியல் பிரிவு வேண்டும், அது அவளிடம் இருக்கிறது. அவளுடைய உயர்தர இசட் புள்ளி இங்கே மருத்துவத்துக்கு எட்டாது, இதற்கு முயலலாம். நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று என்பதால் அந்த மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டிலும் போட்டியிடலாம். படிப்பு ஆங்கிலத்தில், பௌதிகமும் உண்டு. ஆங்கிலத்தை இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். வேலையில் இரவு முறை வரும், கதிர்வீச்சைக் கணக்கிடும் பட்டையை அணிந்தே நிற்க வேண்டும். அதையும் அவளிடம் மறைக்கவில்லை.

விண்ணப்பத்தில் யூனிகோட், அதாவது படிப்பையும் பல்கலைக்கழகத்தையும் குறிக்கும் குறியீடு, எழுதும் வரிசை முக்கியம். தகுதி கிடைப்பவற்றில் மேலே எழுதியதைத்தான் கொடுப்பார்கள். மகளே எழுதட்டும். திங்கட்கிழமை அவளை அனுப்புங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன். மச்சானோடு நானே பேசுகிறேன். அண்ணியின் நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.