அக்காவுக்குப் பட்டியல் அனுப்பலாம். முதலில் அடகு ரசீதைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. கிருஷ்ணகிரியில் சொந்த வீடு. ஓசூரில் வேலை, மாதம் 34,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவிக்கு ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் 18,000 ரூபாய் சம்பளம், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். இப்போது ஆறாவது மாதம் என்பதால் அடுத்த மாதம் வேலையை விட்டுவிட நினைக்கிறார். டல்லாஸில் இருக்கும் பெரிய அக்கா, குழந்தைக்கு வேண்டியதை ஏதாவது ஒரு தளத்தில் பரிசுப் பட்டியலாகப் போடு, 600 டாலர் வரை வாங்கித் தருகிறேன் என்கிறார். அமேசான், டார்கெட், பேபிலிஸ்ட் மூன்றில் எது நல்லது? தொட்டில், தள்ளுவண்டி, பாட்டில் ஸ்டெரிலைசர், கேமரா, துணிமணி எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் ஆகிறது. தள்ளுவண்டியை மட்டும் நானே நோ காஸ்ட் இஎம்ஐயில் எடுத்துவிடலாமா? மாதம் 5,000 ரூபாய் கட்டும் குழந்தை பாலிசி ஒன்றையும் ஏஜென்ட் சொல்கிறார். (வளைகாப்பு மண்டபத்தில் நடக்கிறது. அதற்காக மனைவியின் மீதி நகையை வைத்து 1,50,000 வாங்கப் போகிறோம். சின்ன அக்கா மகன் காதுகுத்துக்கு வாங்கிய 1,20,000 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அடகு ரசீதையும் மொய் நோட்டின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.)

பதில்: நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்றுமே உங்களுக்கு வேண்டாம். அமேசானும் டார்கெட்டும் பட்டியலில் யாரும் வாங்கித் தராமல் மீதி நிற்கும் பொருளை நீங்களே வாங்கினால் 15 சதவீதம் வரை தள்ளுபடி தருகின்றன, திருப்பிக் கொடுக்க ஒரு வருடம் வரை அவகாசமும் தருகின்றன. பேபிலிஸ்டில் எந்தக் கடைப் பொருளையும் ஒரே பட்டியலில் சேர்க்கலாம். இவையெல்லாம் அமெரிக்க முகவரி உள்ளவர்களுக்குத்தான் பயன்படும். அங்கிருந்து பார்சல் வந்தால், பரிசு என்று எழுதியிருந்தாலும் சுங்க வரி உண்டு. 5,000 ரூபாய் வரை இருந்த சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். அந்த ஊர் ஸ்டெரிலைசர் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230. ஆகவே இங்கே டெலிவரி செய்யும் இந்தியத் தளம் ஏதாவது ஒன்றில் விருப்பப் பட்டியல் போட்டு, அதன் இணைப்பை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். குழந்தை பிறக்கும் முன் பொருள் வீட்டுக்கு வரக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் பிறந்த பிறகு ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். முதல் மாதங்களுக்குப் பருத்திப் புடவையில் கட்டிய தூளியைவிட உயர்ந்த தொட்டில் எந்தத் தளத்திலும் இல்லை என்பது என் கருத்து.

இதற்காக மட்டும் நீங்கள் எழுதியிருந்தால் இத்துடன் முடித்திருப்பேன். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட செய்திதான் எனக்குக் கவலை தருகிறது.

ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் ஆரம், நான்கு வளையல். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை. பதினான்கு மாதமாக மாதம் 1,800 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள், அதாவது 25,200. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. தவணை முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்த தேதி ரசீதின் பின்பக்கம் இருக்கிறது. வளைகாப்பு அன்று போட்டுக்கொள்ள மனைவி தன் தங்கையிடம் நகை கேட்டிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். தன் வளைகாப்புக்கு இரவல் நகை போட வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணிடம், மீதி நகையையும் கேட்கிறீர்கள்.

புதிய 1,50,000 சேர்ந்தால் மாத வட்டி 1,800, அதன் மேல் 2,250; மொத்தம் 4,050. வருடத்துக்கு 48,600. அக்காவிடம் கேட்கத் தயங்கித் தயங்கி நீங்கள் போட்ட பட்டியல் முழுவதும் 42,000 தான். அந்தப் பொருள்கள் அத்தனையையும், ஒவ்வொரு வருடமும், பைனான்ஸ் கடைக்காரருக்கு வாங்கிக் கொடுக்கத் தயாராகிறீர்கள். அசல் 2,70,000 அப்படியே நிற்கும்.

"இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் வைத்த மொய்யைத் திரும்ப வாங்க வேண்டாமா?" என்று அம்மா கேட்கிறார்கள், அதனால்தான் மண்டபம் என்கிறீர்கள். அம்மாவின் கேள்வி நியாயமானது. நம் பக்கத்தில் மொய் என்பது ஊரே சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு; வைத்ததைக் கேட்பதில் தப்பில்லை. அதனால்தான் நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களை வரி வரியாகப் பார்த்தேன். உங்கள் திருமணத்தில் எழுதியது. மூலையில் மஞ்சள் தடவியிருக்கிறது. ஊர், பெயர், தொகை. நீங்கள் திருப்பிச் செய்துவிட்டவர்களின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் டிக் போட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்திலும் சேர்த்து 22 பெயர். டிக் இருப்பது ஒன்பதுக்கு. மீதி 13 பேருக்கு நீங்கள்தான் இன்னும் செய்ய வேண்டும். கூட்டினால் 14,500 ரூபாய். இரண்டு பக்கத்துக்கே இவ்வளவு. உங்கள் குடும்பத்துக்கு வர வேண்டியதைவிடத் தர வேண்டியது அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அம்மாவுடன் ஒரு மாலை உட்கார்ந்து நோட்டு முழுவதையும் கூட்டிப் பாருங்கள். அம்மா கணக்குத் தெரியாதவர் அல்ல. இந்தக் கணக்கை யாரும் அவர் முன் வைக்கவில்லை.

அம்மா சொல்வதுபோல ஒரு லட்சம் மொய் வந்து, அன்று மாலையே அதைக் கொண்டுபோய் அடைத்தாலும் 50,000 கடன் நிற்கும். வந்த லட்சத்தில் புதிதாக ஏறியதெல்லாம் அடுத்த சில வருடங்களில் காதுகுத்தாகவும் கிரகப்பிரவேசமாகவும் உங்கள் வாசலுக்குத் திரும்பி வரும், கொஞ்சம் கூட்டியே வைக்க வேண்டியிருக்கும். மொய்யை வருமானம் என்று நம்பி வட்டிக்கு வாங்குகிற இந்தப் பழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள்.

வளைகாப்பை வீட்டிலேயே செய்யுங்கள். அறுபது பேர், கண்ணாடி வளையல், ஏழு வகைச் சாதம், வாசலில் ஒரு பந்தல். 35,000 ரூபாய்க்குள் அடங்கும். இரண்டு மாதச் சம்பளத்தில் எடுத்து வைத்தால் கடனே வேண்டாம். உறவினர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் அலைச்சல் வேண்டாம் என்கிறார் என்று சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

பர்கூரில் இருக்கும் சின்ன அக்கா, வருகிற தை மாதம் மகளுக்கும் காதுகுத்து என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தாய்மாமன் மடியில் உட்காராமல் காதுகுத்து நடக்காது, எனக்கும் தெரியும். மடியில் உட்கார வையுங்கள். பட்டுப்பாவாடையும் கம்மலும் வாங்கிக் கொடுங்கள். தட்டு வரிசையும் தங்கச் சங்கிலியும் இந்த முறை முடியாது என்பதை இப்போதே, விழாவுக்கு மாதக்கணக்கு இருக்கும்போதே, நீங்கள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மனைவியைவிட்டுச் சொல்லாதீர்கள். கடைசி வாரத்தில் சொன்னால் சண்டை வரும். முன்னால் சொன்னால் வருத்தத்தோடு போகும்.

அப்பாவின் மாந்தோப்பை நம்பியிருப்பதாகவும் ஒரு வரி இருக்கிறது. 2025 சீசனில் பெங்களூரா மாம்பழம் என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாந்தோப்பு எல்லா வருடமும் ஒரே மாதிரி பணம் தராது. வட்டி எல்லா வருடமும் ஒரே சீராகக் காய்க்கும். நகைக்கடன் தள்ளுபடி வரும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். 2021-இல் அரசு அறிவித்தது கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்டு வைத்தவர்களுக்கு. நீங்கள் வைத்திருப்பது தனியாரிடம்.

இனி அந்த 600 டாலர். ரூபாயில் 50,000-க்கு மேல். பெரிய அக்காவிடம் உண்மையைச் சொல்லுங்கள்: துணிமணிக்கு ஒரு சிறு தொகை எடுத்துக்கொண்டு, மீதியைப் பணமாக அனுப்பச் சொல்லி, 40,000 ரூபாயை அசலில் கட்டுங்கள். கூடப்பிறந்தவர் தரும் பணத்துக்கு எவ்வளவானாலும் வருமான வரி இல்லை. (வெளியார் தரும் பணம் வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதும் வருமானக் கணக்கில் சேரும், விலக்கு திருமணத்துக்குத்தான், வளைகாப்புக்கு இல்லை. உங்கள் சம்பளத்துக்கு இதனால் வரி வராது, பெரிய சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டும்.) அதன்பின் நிற்கும் 80,000 ரூபாய்க்கான நகையை வங்கி நகைக்கடனுக்கு மாற்றுங்கள். வருடத்துக்கு 18 சதவீதமாகும் உங்கள் வட்டி அங்கே ஏறக்குறைய பாதியாகும். மாதம் 8,000 ரூபாய் கட்டினால் ஒரு வருடத்துக்குள் ஆரம் வீட்டுக்கு வந்துவிடும்.

தள்ளுவண்டி இஎம்ஐ வேண்டாம். நோ காஸ்ட் என்றாலும் வட்டிக்கு ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் தனியாக ஏறும்; ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போகும். பாலிசியும் இப்போது வேண்டாம். பெண் குழந்தையானால் செல்வமகள் கணக்கை வருடம் 250 ரூபாயில் தொடங்கி வையுங்கள், அவ்வளவு போதும். அதில் கிடைப்பது 8.2 சதவீதம், 18 சதவீத வட்டி கட்டிக்கொண்டு அதில் அதிகம் போடுவது நஷ்டம்.

மனைவி ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாரா? இல்லையென்றால் கொடுக்க வேண்டாம். இஎஸ்ஐயில் இருக்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வார மகப்பேறுப் பணம் உண்டு, ஏறக்குறைய முழுச் சம்பளம். பிரசவத் தேதிக்கு 8 வாரம் முன்பிருந்தே எடுத்துக்கொள்ளலாம். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். உங்கள் மனைவி தொடர்ந்து வேலையில் இருப்பதால் அது பெரும்பாலும் பூர்த்தியாகியிருக்கும். கணக்குப் போட்டால் 1,08,000 ரூபாய் வரும், மறு அடகுக் கடனில் பெரும் பகுதி. இந்த வாரமே கம்பெனி எச்ஆரிடம் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இஎஸ்ஐ அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக், ஸ்கேன் ரிப்போர்ட் நான்கையும் எடுத்துக்கொண்டு ஓசூர் இஎஸ்ஐ மருத்துவரைப் பாருங்கள். பிரசவத் தேதி குறித்த சான்றிதழை அவர்தான் தர வேண்டும்.