முதலில் வளர்ச்சி, பிறகு தூய்மையா?

அன்புள்ள ஐயா,

மரபுசாரா எரிசக்தி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் பொருளியல் முதுகலை மாணவன்; வளரும் நாடுகளின் எரிசக்தி குறித்து ஆய்வேடு எழுதவிருக்கிறேன். ஒரு நாடு வளரத் தொடங்கும்போது மாசு கூடும், வருமானம் ஓர் அளவைத் தாண்டியதும் தானாகக் குறையும் என்று குஸ்நெட்ஸ் வளைகோடு சொல்கிறது. பணக்கார நாடுகள் நிலக்கரியை எரித்துத்தான் வளர்ந்தன. ஏழை நாடுகளை மட்டும் இப்போதே சூரிய ஒளிக்கும் காற்றாலைக்கும் மாறச் சொல்வது அநீதி இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபம் நியாயமானது. சஹாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கோடிப் பேர் மின்சாரம் இல்லாமல் வாழ்கிறார்கள். விறகும் சாணமும் கரியும் எரியும் அடுப்புகளின் புகையால் 2020இல் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்த மக்களிடம் போய் வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் ‘தானாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு மறுப்பு. பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் பேசியது, வளரும் நாட்டில் வருமான ஏற்றத்தாழ்வு முதலில் கூடிப் பிறகு குறைவதைப் பற்றி. அதே வடிவத்தை மாசில் கண்டவர்கள் பொருளியலாளர்கள் ஜீன் கிராஸ்மனும் ஆலன் குரூகரும், 1990களின் தொடக்கத்தில். அவர்களே அது தானாக நடப்பதல்ல என்று எச்சரித்தார்கள். வசதி வந்த மக்கள் நல்ல காற்றைக் கேட்டார்கள், அரசுகள் சட்டம் போட்டன, மாசு குறைந்தது. லண்டனில் 1952 டிசம்பர் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகே 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கந்தகப் புகை அக்கம்பக்கத்தவர் நெஞ்சில் இறங்குகிறது, அவர்கள் கூக்குரலிடுகிறார்கள். கரியமில வாயு அப்படி யாரையும் இருமவைப்பதில்லை. அதற்கு அந்த வளைகோடு சரியாகப் பொருந்தாததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

தவிர, இன்று கட்டும் அனல்மின் நிலையம் 30, 40 ஆண்டுகள் நிற்கும். ‘பிறகு மாறலாம்’ என்பவர்கள் அதைக் கட்ட வாங்கிய கடனை யார் தலையில் கட்டுவது என்றும் சொல்ல வேண்டும்.

உருகுவேயைப் பாருங்கள். சொந்தமாக எண்ணெயோ நிலக்கரியோ இல்லை. மழை பொய்த்து அணைகள் வறண்டால் எண்ணெய் வாங்கியே கஜானா காலியாகும். 2008இல் கொள்கையை மாற்றிப் பத்தே ஆண்டுகளுக்குள் காற்றாலைகளை நிறுவினார்கள். இப்போது வழக்கமான ஆண்டுகளில் அந்நாட்டு மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வருகிறது. கென்யாவில் பிளவுப் பள்ளத்தாக்கின் புவிவெப்பமே வேறெந்த மூலத்தையும்விட அதிக மின்சாரத்தைத் தருகிறது. இரண்டுமே பணக்கார நாடாகும்வரை காத்திருக்கவில்லை.

அப்படியானால் மற்ற நாடுகள் ஏன் தயங்குகின்றன? நீங்கள் தேடும் அநீதி இங்கேதான் இருக்கிறது. உலகின் மிகச் சிறந்த சூரிய ஒளி வளத்தில் 60 சதவீதம் ஆப்பிரிக்காவில் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. 2022இல் அது வெளியிட்ட கணக்கின்படி உலகெங்கும் நிறுவப்பட்ட சூரிய மின்திறனில் அந்தக் கண்டத்தின் பங்கு வெறும் 1 சதவீதம். அனல்மின் நிலையம் நிலக்கரிக்கான காசை ஆண்டுக்காண்டு கொடுத்துக்கொள்ளலாம். சூரியப் பண்ணைக்கு ஏறக்குறைய முழுப் பணத்தையும் முதலிலேயே போட்டாக வேண்டும். ஆகவே அதன் மின்சார விலையைத் தீர்மானிப்பதில் வெயிலைவிட வட்டிக்குப் பங்கு அதிகம். பணக்கார நாடுகளைப் போல இரண்டு மூன்று மடங்கு வட்டி கட்டுகிறார்கள் ஏழை நாட்டவர்கள். ஒரே சூரியத் தகடு, அவர்களுக்கு வெயிலும் கூடுதல், இருந்தும் மின்சாரம் விலை கூடிப்போகிறது. தகடுகளின் விலை எவ்வளவு சரிந்தாலும் இது தீராது. உங்கள் கோபம் இந்த வட்டியின் மேல் திரும்ப வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மின்வாகன பேட்டரிக்கு வேண்டிய நிக்கலை உலகிலேயே அதிகம் எடுப்பது இந்தோனேசியா. சுலவேசித் தீவின் மொரோவாலியில் அதை உருக்கும் ஆலைகள் தமக்கென்றே கட்டிக்கொண்ட நிலக்கரி மின்நிலையங்களில் ஓடுகின்றன. மின்வாகனம் ஓடும் நகரத்தில் காற்று சுத்தமாகிறது; புகையோ மொரோவாலிக்காரர்களுக்கு. நாட்டுச் சராசரிகளை மட்டும் வைத்துப் போடும் கணக்கில் அவர்கள் தென்படவே மாட்டார்கள்.

ஆய்வேட்டில் கடன் வட்டியை ஒரு மாறியாகச் சேருங்கள். முடிந்தால் சராசரியை விட்டு மாவட்ட அளவிலான காற்றுத் தரவுகளைத் தேடுங்கள். வளைகோடு எப்படி வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.