ஆல்-இன் ஆனபின் போர்டை இரண்டு தடவை போடுவது: வாசகர் கேள்வி பதில்

இது போக்கர் ஆட்டம் பற்றியது. ஆல்-இன் என்றால் தன்னிடமுள்ள சிப்ஸ் (பந்தய வில்லைகள்) முழுவதையும் வைப்பது. பொட் என்பது நடுவில் சேர்ந்த சிப்ஸ். போர்ட் என்பது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் ஐந்து கார்ட்: முதல் மூன்றும் ஃப்ளொப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஆல்-இன் ஆனபின் மிச்சமுள்ள பொதுக் கார்டை இரண்டு தடவை போட்டு, ஒவ்வொரு தடவைக்கும் பாதிப் பொட் கொடுப்பதைத்தான் இரண்டு தடவை போடுவது என்கிறோம். கீழே வரும் கணக்குகள் எல்லாம் சிப்ஸ் கணக்குகள். காசு வைத்து ஆடுவதற்கு இலங்கையில் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்திவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

தலவாக்கலையிலிருந்து: டர்ன் விழுந்ததும் இரண்டு பேரும் ஆல்-இன். ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து கார்ட்) எனக்கு இன்னும் ஒரு ஹார்ட் வேண்டும். ரிவரை இரண்டு தடவை போட்டால் எனக்கு இரண்டு வாய்ப்பு. பின்னால் நிற்பவனுக்குத்தானே இதில் லாபம்?

இல்லை. வாய்ப்பு இரண்டானால் பொட்டும் இரண்டாகப் பிரிகிறது. மேசையில் 4 கார்ட், உங்கள் கையில் 2, எதிராளி கையில் 2. கண்ணில் படாதவை 44. எதிராளியிடம் ஹார்ட் இல்லை என்றால் உங்களுக்கு உதவும் ஹார்ட் 9. ஒரே தடவை போட்டால் வெல்லும் வாய்ப்பு 44இல் 9, அதாவது 20.45 வீதம்.

இரண்டு தடவை போட்டால் மூன்று விதமாக முடியலாம். இரண்டையும் வெல்வது 3.8 வீதம், ஒன்றை வென்று ஒன்றைத் தோற்பது 33.3 வீதம், இரண்டையும் தோற்பது 62.9 வீதம். பொட்டில் 10,000 இருந்தால் சராசரியாக உங்கள் பங்கு 2,045. ஒரு தடவை போட்டாலும் அதே 2,045தான்.

மாறுவது ஏற்ற இறக்கம். இந்தக் கையில் நியம விலகல் (சராசரியிலிருந்து முடிவு எவ்வளவு விலகும் என்பதன் அளவு) ஒரு தடவைக்கு ஏறத்தாழ 4,030, இரண்டு தடவைக்கு 2,820, மூன்று தடவைக்கு 2,270. இரண்டாவது போர்ட் குறைக்கும் அளவுக்கு மூன்றாவது குறைப்பதில்லை. மிச்சமுள்ள 44 கார்டையும் ஒவ்வொன்றாக ரிவராகப் போட்டுப் பொட்டை 44 பங்காகப் பிரித்தால் அதிர்ஷ்டத்துக்கு இடமே இருக்காது. சரியாக 9 பங்கு உங்களுக்கு, 35 பங்கு அவருக்கு.

மஸ்கெலியாவிலிருந்து: முதல் ரிவரிலேயே என் ஹார்ட் விழுந்துவிட்டால் இரண்டாவதற்கு ஒரு ஹார்ட் குறைந்துவிடுகிறதே. இது அநியாயம் இல்லையா?

குறைகிறதுதான். பத்தாம் திகதிச் சம்பளத்தில் அட்வான்ஸைக் கழிப்பது போல. ஆனால் அந்த ஹார்ட்டுக்கான பாதிப் பொட்டை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். முதலாவது விழுந்தால் இரண்டாவதன் வாய்ப்பு 43இல் 8, அதாவது 18.6 வீதம். விழாவிட்டால் 43இல் 9, அதாவது 20.9 வீதம். முதல் ரிவர் எப்படி விழும் என்று தெரியாத நிலையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திரும்பவும் அதே 44இல் 9. கார்ட் கட்டின் மேலே கிடக்கும் கார்டுக்கும் அதற்கு அடுத்த கார்டுக்கும் ஹார்ட்டாக இருக்கும் வாய்ப்பு ஒன்றே. கணக்கின் முழு ரகசியமும் இதுதான்.

ஒரேயொரு கார்டை நம்பி இருப்பவருக்கு மட்டும் ஒரு வித்தியாசம் தெரியும். இரண்டு தடவை போட்டால் அவரால் முழுப் பொட்டையும் எடுக்கவே முடியாது. ஆனால் பாதியை எடுக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. சராசரி அங்கேயும் அசையாது.

பண்டாரவளையிலிருந்து: எங்களில் ஒருவர்தான் மாறி மாறி டீல் பண்ணுவோம். இரண்டு தடவை போடும்போதெல்லாம் சண்டை வருகிறது. சரியான முறை என்ன?

சண்டை வருவதற்கு முக்கால்வாசிக் காரணம், கார்ட் விழுந்த பிறகு பேச்சைத் தொடங்குவதுதான். பந்தயம் முழுவதும் முடிந்து, இனி யாரும் சிப்ஸ் போட முடியாது என்ற நிலை வந்த பின்னர், அடுத்த கார்ட் விழுவதற்கு முன் டீலர் ஒவ்வொருவரிடமும் "ஒன்றா, இரண்டா?" என்று கேட்கவேண்டும். எல்லோரும் வாய்விட்டு "இரண்டு" என்றால்தான் இரண்டு. ஒருவர் தலையை மட்டும் ஆட்டினாலோ பேசாமல் இருந்தாலோ ஒன்று. முதல் கார்ட் விழுந்தபின் யாரும் மாற்றிப் பேசக்கூடாது.

அடுத்ததாக, போர்ட் போட முன்னரே பொட்டை எண்ணி இரண்டு குவியலாக வைக்கவும். 6,300 இருந்து மிகச் சிறிய சிப் 100 என்றால் 3,200 முதல் போர்டுக்கு, 3,100 இரண்டாவதுக்கு. மிஞ்சும் ஒற்றைச் சிப் முதல் போர்டுக்கே என்பதை ஆட்டம் தொடங்கும்போதே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளொப்பில் ஆல்-இன் என்றால் அந்த மூன்று கார்டும் இரண்டு போர்டுக்கும் பொது. ஒன்றை பர்ன் பண்ணி (திறக்காமல் ஒதுக்கி) டர்ன், இன்னொன்றை பர்ன் பண்ணி ரிவர். இவை மேல் வரிசை. பிறகு அதே கட்டிலிருந்து, கலைக்காமல், மறுபடி பர்ன், டர்ன், பர்ன், ரிவர். இவை கீழ் வரிசை. இடையில் கட்டைக் கலைப்பதோ வெட்டுவதோ கிடையாது. ஃப்ளொப்புக்கு முன்னரே ஆல்-இன் என்றால் ஐந்து ஐந்து கார்டாக இரண்டு முழுப் போர்ட்.

அதிகம் நடக்கும் பிழை இது: மேல் வரிசையில் தோற்றவர் கோபத்தில் கையிலுள்ளதை வீசி எறிந்துவிடுவார். அவை கழிவுக் கார்டுகளோடு கலந்துவிட்டால் அந்தக் கை செத்தது, கீழ் வரிசையும் போய்விட்டது. அதனால் இருவரது கார்டும் திறந்தபடி மேசையிலேயே கிடக்கட்டும். கீழ் வரிசை முடியும்வரை சிப்ஸையும் தள்ளக்கூடாது.

ஒரு வரிசையை வென்று மற்றதில் சமன் வந்தால் வென்றவருக்கு முக்கால், மற்றவருக்குக் கால்.

லிந்துலையிலிருந்து: மூன்று பேர் ஆல்-இன். ஒருவரிடம் 1,000, மற்ற இருவரிடம் 4,000 வீதம். எப்படிப் பிரிப்பது?

மூவரும் போட்ட 1,000 வீதம் சேர்ந்து முதன்மைப் பொட் 3,000. மற்ற இருவரும் அதற்கு மேல் போட்ட 3,000 வீதம் சேர்ந்து, அவர்களுக்குள் மட்டும் தீரும் பக்கப் பொட் 6,000. இரண்டு தடவை என்றால் ஒவ்வொரு போர்டுக்கும் 1,500உம் 3,000உம். முதலில் பக்கப் பொட்டை இரண்டு போர்டிலும் தீர்த்துவிட்டு, பிறகு முதன்மைப் பொட்டைத் தீருங்கள். சிறிய தொகைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் எல்லோருக்கும் ஒரே தடவை. 1,000 வைத்திருப்பவரை "உனக்கென்ன, சின்னக் காசுதானே" என்று அதட்டிச் சம்மதிக்க வைப்பதைப் பல மேசைகளில் காணலாம். அவர் சொல்லுக்கும் அதே பெறுமதிதான்.

ஹட்டனிலிருந்து: ஆளுக்கு நான்கு அல்லது ஐந்து கார்ட் கொடுக்கும் ஒமாஹாவில் கார்ட் போதாமல் போகுமா?

போகும். ஒரு முழுப் போர்டுக்கு 5, பர்ன் 3, மொத்தம் 8. நான்கு கார்ட் ஒமாஹாவில் 9 பேர் இருந்தால் 36 கையில் போய்விடும், மிச்சம் 16. இரண்டு முழுப் போர்டுக்கு அச்சொட்டாகச் சரி. ஐந்து கார்ட் ஒமாஹாவில் 8 பேர் என்றால் மிச்சம் 12, இரண்டாவது முழுப் போர்டுக்கு இடமில்லை. ஆளுக்கு 2 கார்ட் கொடுக்கும் ஹோல்டெமில் 10 பேர் இருந்தாலும் நான்கு முழுப் போர்ட் போடலாம், கட்டு அத்துடன் தீர்ந்துவிடும்.

பதுளையிலிருந்து: நான் எப்போதும் "ஒன்று" என்றே சொல்வேன். கஞ்சன், முரடன் என்கிறார்கள். மறுப்பது தப்பா?

தப்பில்லை. அது உங்கள் உரிமை, காரணமும் சொல்லத் தேவையில்லை. சராசரி மாறாததால் கை பலமா பலவீனமா என்பதை வைத்து இதை முடிவு செய்வதில் பயனில்லை. பார்க்கவேண்டியது சட்டைப்பை. ஒரே கையில் முழுவதையும் இழந்தால் நிதானம் கெட்டு ஆடுபவராக இருந்தால் இரண்டு தடவை நல்லது. கூட ஆடுபவர்கள் சீக்கிரம் காலியாகி எழுந்து போகாமல் இருக்கவும் உதவும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வாதமும் உண்டு: நீங்கள் ஒரே தடவைதான் என்று தெரிந்தால், பெரிய ஆட்டத்துக்குப் பயப்படுபவர் உங்கள் ஆல்-இன்னுக்கு இலகுவில் கோல் பண்ணமாட்டார் (ஈடாகச் சிப்ஸ் போட்டு எதிர்கொள்ளமாட்டார்). இந்த வாதம் பலிப்பது உங்களிடம் தாங்கும் பலம் இருந்தால் மட்டுமே.

ஆனால் முன்னால் நிற்கும்போது "இரண்டு", பின்னால் நிற்கும்போது "ஒன்று" என்று மாறி மாறிச் சொல்பவருக்குக் கணக்கில் எந்த லாபமும் இல்லை. மேசையில் பெயர்தான் கெடும்.

கண்டியிலிருந்து: டூர்னமென்டில் கேட்கலாமா?

வழக்கத்தில் இல்லை. அங்கே ஒருவர் வெளியேறுவது மற்ற எல்லோருடைய பரிசையும் பாதிக்கும். இருவர் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல.

நுவரெலியாவிலிருந்து: பனிக்காலத்தில் கார்ட் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது போர்ட் போடும்போது இரண்டு கார்ட் சேர்ந்தே வந்துவிட்டது.

கடதாசிக் கார்ட் ஈரத்தை உறிஞ்சி ஊதும், ஓரம் வளையும். இரண்டு போர்ட் போடும்போது கட்டின் ஆழம்வரை போவதால் ஒட்டியவை வெளியே வர வாய்ப்பும் கூடுகிறது. முழுப் பிளாஸ்டிக் கார்ட் வாங்குங்கள். ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, இறுக்க மூடும் தகர டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கவும். ஆட்டத்துக்கு முன் 52ஐயும் மேசையில் எண்ணி, விசிறி, விரலால் பிரித்துவிடவும்.

ஒட்டி வந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால், மேலே இருந்ததே போர்டுக்கு. அடியில் இருந்தது அடுத்த பர்ன். எது மேலே என்று தெரியாவிட்டால் முதல் போர்டின் முடிவை அப்படியே விட்டு, அந்த இரண்டையும் மிச்சக் கட்டோடு சேர்த்துக் கலைத்து, இரண்டாவது போர்டில் குறைவதை மட்டும் போடுங்கள். எண்ணிப் பார்க்கையில் 51 அல்லது 53 என்று வந்தால் அந்தக் கை முழுவதும் செல்லாது, போட்ட சிப்ஸ் போட்டவருக்கே.