நான் கோவிச்சுக்கொண்டு இருப்பதுகூட அவருக்கு விளங்குவதில்லை. ஓட்டிசம் உள்ளவரோடு எப்படிக் கதைப்பது?

இடையில் வந்து வாசிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கி வைக்கிறேன். திருகோணமலை. நிச்சயமாகி ஆறு மாதம். மாப்பிள்ளைக்கு ஓட்டிசம் (autism, பிறப்பிலிருந்தே மூளை வேறு விதமாக இயங்கும் தன்மை) என்று வைத்தியர் உறுதிப்படுத்தியிருக்கிறார். இரண்டு நாள் நீங்கள் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. "என்னில அன்பில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, அந்த மௌனம் அவரிடம் போய்ச் சேரவேயில்லை. 'கதைக்க விருப்பமில்லைப் போல, தொந்தரவு செய்யக்கூடாது' என்று அவர் மரியாதையாக ஒதுங்கியிருக்கத்தான் கூடிய சாத்தியம். சேராத ஒன்றுக்குப் பதில் வரவில்லை என்று அன்பை அளக்காதீர்கள்.

நம்முடைய தமிழில் பாதிக் கதை சொல்லாமலே நடக்கிறது. "ஒண்டுமில்லை" என்றால் ஏதோ இருக்கிறது. "உங்கட விருப்பம்" என்றால் எனக்கு விருப்பமில்லை. "பாப்பம்" என்றால் அநேகமாக இல்லை. தேத்தண்ணிக்கு முதல்தரம் "வேணாம்" சொல்லி இரண்டாம்தரம் வாங்கிக் குடிப்பதுதான் பண்பு. நாள் முழுக்க "நீர்" என்று கதைத்துவிட்டுத் திடீரென்று "நீங்கள்" என்று மாறினால் அது கோபம். வீட்டை விட்டுப் போகிறவர்கூட "போட்டு வாறன்" என்றுதான் சொல்கிறார். இதையெல்லாம் யாரும் சொல்லித் தராமலே பிடித்துக்கொண்டவர்களுக்கு இது பாரமாகத் தெரியாது. ஓட்டிசம் உள்ள பலருக்கு ஒவ்வொன்றும் நின்று யோசித்து அவிழ்க்க வேண்டிய முடிச்சு. கதை ஓடுகிற வேகத்தில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இது அவருடைய பக்கத்துக் குறை மட்டுமில்லை. டேமியன் மில்டன் என்ற, தானும் ஓட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012இல் இதைத் தெளிவாக எழுதினார்: இரு தரப்புக்கும் மற்றவரின் மனம் பிடிபடுவதில்லை, பழியை மட்டும் ஒரு தரப்பு சுமக்கிறது. 2020இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு கதையை ஒருவரிடமிருந்து ஒருவராகக் கடத்தச் சொன்னார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் ஏறக்குறைய ஒரே அளவு விவரத்தைக் கொண்டுசேர்த்தன. கலந்து நின்ற வரிசையில்தான் விவரம் கூடுதலாக உதிர்ந்தது. நீங்கள் இரண்டு பேரும் அந்தக் கலந்த வரிசையில் நிற்கிறீர்கள்.

ஆகவே, சொல்ல நினைப்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். "எனக்குக் கோவம். நேற்று நான் அழைச்சு நீர் எடுக்கேல்லை, திருப்பியும் எடுக்கேல்லை. இனி எடுக்க ஏலாட்டில் 'பிறகு எடுக்கிறன்' எண்டு ஒரு மெசேஜ் போடும்." உணர்ச்சி, காரணம், இனி என்ன வேண்டும், மூன்றும் இதில் இருக்கின்றன. மூன்றாவதை விட்டுவிட்டால் அவர் மன்னிப்புக் கேட்பார், அடுத்த கிழமை அதுவே திரும்ப நடக்கும். மனமில்லாமல் இல்லை, எதை மாற்றுவது என்று தெரியாமல்.

வெளியே போகும் திட்டங்களிலும் அப்படித்தான். "ஒருக்கா மாமி வீட்டை போவம்" போதாது. "சனிக்கிழமை பின்னேரம் 5 மணிக்கு உப்புவெளிக்குப் போறம். மாமா, மாமி, ரெண்டு மச்சாள்மார் இருப்பினம். தேத்தண்ணி மட்டும், சாப்பாடு இல்லை. 7 மணிக்குத் திரும்புவம்." முடியும் நேரத்தைச் சொல்ல மறக்கவே கூடாது. இரண்டு மணித்தியாலம் என்று தெரிந்தால் தாங்கக்கூடியது, எப்போது முடியும் என்று தெரியாவிட்டால் அரை மணித்தியாலத்திலேயே தாங்காமல் போகலாம். திட்டம் மாறினால் தெரிந்த உடனே, புதிய திட்டத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். வாசலில் செருப்புப் போடும்போது சொல்வதுதான் பெரும்பாலான சண்டைக்குத் தொடக்கம்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வராத பதற்றத்தில் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்பதுதான் எல்லாரும் விடும் பிழை. உங்களுக்கு அது அதே கேள்வி. அவருக்குப் புதுக் கேள்வி, பாதி செய்த வேலையைக் கைவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வட்ஸ்அப்பில் ஐந்து விஷயத்தை ஒரே பந்தியாக அனுப்பினால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள். பாரமான விஷயங்களுக்குக் குரல் பதிவைவிட எழுத்து நல்லது, திரும்ப வாசிக்கலாம், தொனியை ஊகிக்க வேண்டியதில்லை.

"என்ன மாதிரி ஃபீல் பண்றீர்?" என்ற கேள்விக்கு "தெரியாது" என்று வந்தால் அது மழுப்பல் இல்லை. தன் உணர்ச்சியைத் தானே இனங்கண்டு பெயர் சொல்லச் சிரமப்படும் நிலை ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு இருக்கிறது. உடம்பைக் கேளுங்கள்: நெஞ்சு இறுகுதா, வயிறு பிசையுதா, சத்தம் தாங்கேலாமல் இருக்கா? அல்லது தெரிவு கொடுங்கள்: கோவமா, களைப்பா, பயமா? 0 முதல் 10 வரை எவ்வளவு என்பதும் பலருக்குச் சுலபம். அதேபோல நீங்கள் மனக்கஷ்டம் சொல்லும்போது முன்கூட்டியே "வழி சொல்ல வேணாம், கேட்டுக்கொண்டிருந்தாக் காணும்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் தீர்வு தேடத் தொடங்குவார், அதுவே அவர் காட்டும் அக்கறை.

சண்டை முற்றி அவர் உறைந்துபோய்ப் பேச்சே வராமல் நின்றாலும், கத்தி அழுதாலும், அந்த நேரத்தில் நியாயம் கதைக்காதீர்கள். லைட்டைக் குறையுங்கள், ரீவியை நிறுத்துங்கள், கேள்வி கேட்க வேண்டாம். தணிய சிலவேளை இருபது நிமிடம், சிலவேளை அன்று முழுக்க ஆகும். இதற்கென்று ஒரு சொல்லை நல்ல நேரத்திலேயே இரண்டு பேரும் பேசி வையுங்கள், "நிப்பாட்டு" என்பதே போதும். அதோடு திரும்பக் கதைக்கும் நேரமும் சொல்லப்பட வேண்டும்: "நாளைக்குக் காலமை 9 மணிக்குக் கதைப்பம்." நேரம் சொல்லாமல் எழும்பிப் போனால் விட்டுப் போனதாகத்தான் உங்களுக்குப் படும்.

இடமும் முக்கியம். வெளிச்சம், சத்தம், மணம் கூடுதலாகவோ குறைவாகவோ உறைப்பது 2013இல் வந்த அமெரிக்க மனநல வைத்தியர்களின் வகைப்பாட்டிலேயே (DSM-5) ஓட்டிசத்தின் ஓர் அடையாளமாகச் சேர்க்கப்பட்டது. பஸ் ஸ்டாண்ட் ஹோர்ன், மீன் சந்தை மணம், கச்சான் காற்று அடிக்கும் மத்தியானம், இவற்றுக்கு நடுவில் கலியாணச் செலவைப் பற்றிக் கதைத்தால் சொல் காதில் விழும், உள்ளே போகாது. விடியக் காலமை டச்சுக் குடாக் கரையில் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டு கதையுங்கள். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாதபோது பலருக்கு வாய் திறக்கும். "என்ரை கண்ணைப் பாத்துச் சொல்லும்" என்று மட்டும் கேட்காதீர்கள், கண்ணைப் பார்க்கும் முயற்சியிலேயே சொல்ல வந்தது போய்விடும். இதோடு ஒன்றையும் சொல்ல வேண்டும். எந்தச் சமயம் என்றில்லை, நம்முடைய ஊரில் விழாக் காலத்தில் குழாய் ஸ்பீக்கரை வீடுகளின் பக்கம் திருப்பி வைத்து விடிய விடியப் போடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் வருத்தக்காரருக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தெய்வத்துக்குக் காது கேட்கும், சத்தத்தைக் குறையுங்கள்.

"எல்லாத்தையும் பொம்பிளைதான் மாத்தோணுமோ?" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: இல்லை. அவரும் செய்ய வேண்டியவை உண்டு. பேசாமல் போகாமல் "யோசிக்க நேரம் வேணும், 8 மணிக்குச் சொல்றன்" என்பது, நாளுக்கு ஒருதரம் "என்னோட ஏதும் கோவமா?" என்று கேட்பது, சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் கேட்பது. தெளிவாகக் கேட்டால் இவற்றைப் பலர் தவறாமல் செய்வார்கள். பெண்ணுக்கு ஓட்டிசம் இருந்தாலும் இதே வழிதான். பெண்கள் சிறுவயதிலிருந்தே மற்றவர்களைப் பார்த்துப் பழகி மறைப்பதால் பலருக்கு மிகப் பிந்தியே தெரியவருகிறது. இன்னொன்று: அடிப்பது, காசைப் பிடித்துவைப்பது, வெளியே போக விடாதது, இவை ஓட்டிசம் இல்லை. அப்படி நடந்தால் இந்தப் பதிலை விட்டுவிட்டு 1938க்கு அழையுங்கள், பெண்களுக்கான அரச உதவி எண்.

"கலியாணம் கட்டினால் சரிவரும்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். எது சரிவர வேண்டும்? ஓட்டிசம் பிறப்போடு வருவது, வருத்தம் இல்லை, மருந்தால் மாறுவதும் இல்லை. ஓட்டிசத்துக்குத் தமிழில் வைத்திருக்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல்லே கெடுதல் செய்கிறது, அதைக் கேட்டுத்தான் புத்திக் குறைவு என்று நினைக்கிறார்கள். பத்துப் பொருத்தம் பார்க்கும் வீடுகள், பிள்ளைக்கு எந்தச் சத்தம் தாங்காது, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் தனியே இருக்க வேண்டும் என்று ஒரு வரி கேட்பதில்லை. மறைத்துக் கட்டிவைத்து இரண்டு உயிரை வதைக்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளை வீட்டில் மறைக்கவில்லை, அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

இனி அன்பு. அவர் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியோ வேறு எதையோ பற்றியோ உங்களுக்கு அரை மணித்தியாலம் சொல்கிறாரா? உங்கள் ஃபோன் சார்ஜர் பழுதானதை நீங்கள் கேட்காமலே மாற்றித் தந்தாரா? பேசாமல் பக்கத்திலிருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாரா? பலர் அன்பை இப்படித்தான் தருகிறார்கள். அது உங்களுக்குக் காணாது என்றால் காணாதுதான், சொல்லாகவும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. "என்னில அன்பா எண்டு எனக்கு ஒவ்வொரு நாளும் கேக்க வேணும் போல இருக்கு. படுக்க முதல் ஒருக்கா எழுதி அனுப்புவீரா?" என்று கேளுங்கள். கேட்டு வாங்குவது அன்பில்லை என்று மனம் சொல்லும், எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர் ஃபோனில் 9 மணிக்கு அலாரம் வைத்து ஒரு நாளும் தவறாமல் அனுப்பினால், அந்த அலாரத்தை வைத்தது யார் என்று யோசியுங்கள்.