அமெரிக்கால ஆறாவது சேரப்போற பையன், கிஃப்டட் கிளாஸுக்கு இப்பவே கோச்சிங் போடணுமா?

வேளச்சேரியில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "வீட்டுக்காரருக்கு டாலஸ் பக்கம் டிரான்ஸ்ஃபர், ஜூலைல கிளம்புறோம். பையன் சிபிஎஸ்இ-ல அஞ்சாவது முடிச்சுட்டான், அங்க போய் ஆறாவது, மிடில் ஸ்கூல். என் ஓர்ப்படி அங்கதான் இருக்காங்க, ஜிடி கிளாஸ்ல (கிஃப்டட் அண்ட் டேலன்டட், திறமை அதிகமா இருக்குற பிள்ளைங்களுக்கான தனி கிளாஸ்) இடம் கிடைக்கலேன்னா பின்னாடி காலேஜ் வரைக்கும் அடிவாங்கும், இப்பவே கோச்சிங் போடுங்கன்னு சொல்றாங்க. ஆன்லைன்ல ஒரு சென்டர் மாசம் எட்டாயிரம் கேக்குது. சேர்க்கலாமா மேடம்? அங்க எப்படித்தான் செலக்ட் பண்றாங்க?"

கோச்சிங் வேணாம். ஏன்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க ஓர்ப்படி ஜிடின்னு சேத்து சொல்றது ரெண்டு தனித்தனி வேலை. பிள்ளை கிஃப்டட் அண்ட் டேலன்டட்டான்னு டெஸ்ட் வச்சு கமிட்டி போட்டு முடிவு பண்றது ஒண்ணு. ஆறாவதுல சாதா மேத்ஸா அட்வான்ஸ்டு மேத்ஸான்னு பிரிக்கிறது இன்னொண்ணு. அவங்க பயப்படுறாங்களே காலேஜ் வரைக்கும்னு, அது பெரும்பாலும் ரெண்டாவதுலதான் இருக்கு, ஆனா எல்லாரும் முதலாவதுக்குத்தான் காசு கட்டுறாங்க, எனக்கு ஆத்தாமையே அதுதான்.

மேத்ஸ் கணக்கு இப்படி போகுது. எட்டாவதுல அல்ஜீப்ரா ஒன் முடிச்ச பிள்ளை ஒன்பதாவதுல ஜியாமெட்ரி, பத்தாவதுல அல்ஜீப்ரா டூ, பதினொண்ணுல ப்ரீகால்குலஸ், பன்னெண்டுல கால்குலஸ்னு வரிசையா போயிடும். எட்டாவதுல அத முடிக்கணும்னா ஆறு, ஏழு, எட்டு மூணு வருஷ பாடத்தை கொஞ்சம் நெருக்கி நடத்தணும், அதனாலதான் ஆறாவது அட்வான்ஸ்டு மேத்ஸ் முக்கியம். டாலஸ் இருக்குற டெக்சாஸ் ஸ்டேட்ல 2023-ல இதுக்கு ஒரு சட்டமே வந்துச்சு, செனட் பில் 2124. அஞ்சாவதுல ஸ்டார்னு ஸ்டேட் பரீட்சை நடக்கும், அதுல மேத்ஸ்ல மேல இருக்குற 40 சதவீதத்துல வர பிள்ளைங்கள ஆறாவதுல தானாவே அட்வான்ஸ்டு மேத்ஸ்ல போட்டுடணும், டீச்சர் சிபாரிசு பண்ணல, அப்பா அம்மாக்கு விவரம் தெரியலன்னு யாரும் விட்டுப்போகக் கூடாதுங்கறதுக்காக. வேணாம்னா பெத்தவங்க விலக்கிக்கலாம்.

இப்ப உங்க பையன் அந்த ஸ்டார் பரீட்சையே எழுதல. அதனால தானா சேர்க்குற லிஸ்ட்ல அவன் பேரு இருக்காது, நீங்க கேக்கலேன்னா ஸ்கூல் கவுன்சிலர், அதாவது பிள்ளைக்கு எந்த கிளாஸ்னு ஒதுக்குறவங்க, சாதா மேத்ஸ்ல போட்டுட்டு அடுத்த ஃபைலை எடுத்துடுவாங்க, அவங்கள தப்பு சொல்ல முடியாது, ஆகஸ்ட் மாசம் நூத்துக்கணக்குல பிள்ளைங்க வந்து நிப்பாங்க. அதனால வாடகை வீடு எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (நம்ம ஊர் மாவட்டம் இல்ல, ஒரு பகுதியில இருக்குற அரசு ஸ்கூல்களை நடத்துற அமைப்பு) வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே அந்த ஸ்கூல் கவுன்சிலருக்கு மெயில் போடுங்க. பையன் வெளிநாட்டுல இருந்து வரான், ஸ்டேட் பரீட்சை மார்க் இல்ல, அட்வான்ஸ்டு மேத்ஸுக்கு உங்க டிஸ்ட்ரிக்ட்ல வேற என்ன அளவு பாப்பீங்க, பிளேஸ்மென்ட் டெஸ்ட் வச்சா எப்ப, நாலாவது அஞ்சாவது மார்க் ஷீட் அனுப்பினா போதுமான்னு கேளுங்க. போன்ல பேசினாலும் அப்புறம் ஒரு மெயில்ல எழுதி வச்சுக்கோங்க. பல டிஸ்ட்ரிக்ட்ல அட்வான்ஸ்டு கிளாஸுக்கு பெத்தவங்க விரும்பினாலே சேரலாம், டெஸ்ட்டே கிடையாது, அது கேட்டாத்தான் தெரியவரும். ஜூலைல நிறைய ஆபீஸ் லீவ்ல இருக்கும், பதில் லேட்டாகும், பயந்துடாதீங்க.

இனி ஜிடி. அமெரிக்கா முழுக்க ஒரே ரூல் கிடையாது, மத்திய அரசு சட்டம் எதுவும் கிஃப்டட் கிளாஸ் நடத்தியே ஆகணும்னு சொல்லல, எல்லாம் ஸ்டேட்டும் டிஸ்ட்ரிக்ட்டும்தான். டெக்சாஸ்ல ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் நடத்தியே ஆகணும்னு ஸ்டேட் சட்டம் இருக்கு. ஸ்டேட் போட்டிருக்குற திட்டப்படி ஒரே ஒரு டெஸ்ட் மார்க்க வச்சு முடிவு பண்ணக்கூடாது, குறைஞ்சது மூணு அளவுகோல் வேணும், மார்க்கும் பாக்கணும், டீச்சர் கருத்து, பிள்ளை செஞ்ச வேலைன்னு மார்க் இல்லாத விஷயமும் பாக்கணும், கடைசில பயிற்சி எடுத்த மூணு பேராவது உக்காந்து பேசி முடிவு பண்ணணும். பெத்தவங்களே பேரு குடுக்கலாம், வருஷத்துக்கு ஒரு தரமாவது அந்த ஜன்னல் திறக்கும். நம்ம ஊர்ல ஆறாவதுலயே ஐஐடி ஃபவுண்டேஷன்னு பிரிக்கிறாங்களே, அங்க மேல இருந்து முப்பது பேரை எண்ணி எடுத்து ஒரு செக்‌ஷன்ல போட்டா முடிஞ்சுது. இந்த கமிட்டி கேக்குற கேள்வி வேற, சாதா கிளாஸ் இந்தப் பிள்ளைக்கு பத்துதா பத்தலையாங்கறது. பத்துதுன்னு முடிவானா அது ஃபெயில் இல்ல, தயவுசெஞ்சு பையன்கிட்ட அப்படி சொல்லிடாதீங்க.

டெஸ்ட்ல அடிக்கடி வரது காகாட், பிள்ளை எப்படி யோசிக்கிறான்னு அளக்குற டெஸ்ட். வெர்பல், குவான்டிடேட்டிவ், நான்வெர்பல்னு மூணு பாகம். நான்வெர்பல்ல ஒண்ணு எப்படி இருக்கும்னா, சதுரமா ஒரு பேப்பர், பாதியா மடிக்கிற மாதிரி ஒரு படம், திரும்ப பாதியா மடிச்ச இன்னொரு படம், அதுல ஒரு ஓட்டை. பிரிச்சா எத்தனை ஓட்டை, எங்கெங்க இருக்கும்? நாலு ஓட்டை, ஆனா இடத்தை சரியா புடிக்கணும். வீட்ல ஒரு பேப்பரை மடிச்சு பஞ்ச் பண்ணி பிரிச்சு காட்டுங்க, ஒரு சாயங்காலம் போதும், இப்படி ஒரு கேள்வி வரும்னு அவனுக்கு பழகிடும், அதுக்கு மேல கோச்சிங் என்னத்தை சொல்லித்தரப் போகுது? வயசை மாசக் கணக்குல பாத்து, அதே வயசுப் பிள்ளைங்களோட ஒப்பிட்டு மார்க் போடுவாங்க, நடு அளவு 100. மாசக்கணக்கா அரைச்சு அரைச்சு பத்து பாயின்ட் ஏத்தி உள்ள போன பிள்ளை கிளாஸ்ல மூச்சு முட்டி நிக்கிறத நான் பாத்திருக்கேன், வீட்டுக்கும் சொல்ல முடியாம டீச்சருக்கும் சொல்ல முடியாம அது படுற பாடு, ஒரு டெஸ்ட் மார்க்குக்கு அவ்வளவு விலை குடுக்கணுமா.

நம்ம ஆளுங்க தடுமாறுற இடம் இன்னொண்ணு இருக்கு. அட்மிஷன் ஃபார்ம்ல வீட்ல என்ன மொழி பேசுறீங்கன்னு ஒரு கேள்வி வரும். தமிழ்னு போட்டா இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க, மார்க் குறைஞ்சா ஈஎஸ்எல்-ல (வீட்ல வேற மொழி பேசுற பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஏற்பாடு) போடுவாங்க, அதனால இங்கிலீஷ்னே போடுங்கன்னு யாராவது ஐடியா குடுப்பாங்க. வேணாம், உண்மையை எழுதுங்க. ஈஎஸ்எல்-ல இருக்குறதால ஜிடிக்கு தடை கிடையாது, ரெண்டுலயும் இருக்கலாம், பிள்ளைக்கு புரியுற மொழியிலயோ நான்வெர்பல் டெஸ்ட்லயோ பாக்கணும்னு டெக்சாஸ் திட்டத்துலயே இருக்கு. சென்னைல இங்கிலீஷ் மீடியம் படிச்ச பையன் படிக்கிறதுல சமாளிச்சுடுவான், திணறல் எழுதுறதுலதான், ஒரு பத்தி படிச்சுட்டு நீ என்ன நினைக்கிற, ஏன் அப்படி நினைக்கிற, கதைல எந்த வரியை வச்சு சொல்றன்னு கேப்பாங்க, நம்ம பசங்க கேள்வி பதிலை மனப்பாடமா எழுதியே பழகினவங்க.

அதனால அந்த எட்டாயிரத்தை வச்சுக்கிட்டு ஜூலை வரைக்கும் இதைப் பண்ணுங்க. கன்னிமரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், எது வசதியோ அங்க கூட்டிட்டுப் போங்க, கோட்டூர்புரம் உங்களுக்கு பக்கம்தான், குழந்தைங்க பகுதில அவனுக்கு புடிச்ச கதை புக்க எடுத்து படிச்சுட்டு தினம் பத்து வரி சொந்தமா எழுதட்டும், தப்பு இருந்தா இருக்கட்டும். மேத்ஸ்ல பின்னம், தசமம் ரெண்டும் கை பழகி இருக்கணும், அதோட நெகட்டிவ் நம்பர், ரேஷியோ, எக்ஸ் போட்டு கண்டுபிடிக்கிற சின்ன சமன்பாடு, இது மூணும் அங்க ஆறாவதுல வரும், லேசா அறிமுகம் பண்ணி வைங்க. அப்புறம் 10,00,000-ன்னு கமா போட்டு பழகின பையன் 1,000,000-ஐ பாத்ததும் ஒரு செகண்ட் முழிப்பான், டைம் வச்சு எழுதுற டெஸ்ட்ல அந்த முழிப்பு அவனை இழுக்கும். அடி, அங்குலம், பவுண்டு, கேலன், ஃபாரன்ஹீட் இதெல்லாமும் அப்படித்தான், ரெண்டு வாரம் விளையாட்டா பழக்கிடலாம்.

சேர்ந்த பிறகு இந்தக் கிளாஸ் இவனுக்கு ரொம்ப லேசா இருக்குன்னு தெரிஞ்சா டெக்சாஸ்ல இன்னொரு வழி இருக்கு, கிரெடிட் பை எக்ஸாம். கிளாஸ்ல உக்காந்து படிக்காத பாடத்துக்கு பரீட்சை எழுதி 80 எடுத்தா அதைத் தாண்டி அடுத்ததுக்கு போகலாம். முதல் வருஷமே இதை அவசரப்பட்டு பண்ணாதீங்க, ஒரு செமஸ்டர் போகட்டும், பையன் நண்பர்களை புடிக்கட்டும். ஜிடி கமிட்டி வேணாம்னு சொன்னா அப்பீல் பண்ற வழிய டிஸ்ட்ரிக்ட்ல கேக்கலாம், அடுத்த வருஷம் திரும்ப பேரும் குடுக்கலாம்.

கடைசி நேரத்துல வீட்டுக்காரருக்கு வேற ஸ்டேட்னு மாறிச்சுன்னா மேல சொன்னது அப்படியே ஒத்துவராது. நியூ ஜெர்சில 2020-ல புது சட்டம் வந்து எல்லா கிளாஸ்லயும் கிஃப்டட் பிள்ளைங்கள பல அளவுகோல் வச்சு கண்டுபிடிக்கணும்னு ஆச்சு. கலிஃபோர்னியால 2013-க்கு அப்புறம் இதுக்குன்னு தனி ஸ்டேட் ஃபண்ட் கிடையாது, டிஸ்ட்ரிக்ட் இஷ்டம். அங்க ஊர் பேரு சொல்லி மறுபடி எழுதுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி டிசி, கடைசி ரெண்டு வருஷ மார்க் ஷீட் ரெண்டையும் ஸ்கூல் சீல் போட்டு இங்கிலீஷ்ல வாங்கிடுங்க. தடுப்பூசி கார்டையும் குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, சின்னம்மை ஊசியும் ஹெபடைட்டிஸ் ஏ ஊசியும் நம்ம அரசு அட்டவணைல இல்லாததால நிறைய பிள்ளைங்களுக்கு போட்டிருக்காது, டெக்சாஸ் ஸ்கூல்ல ரெண்டும் கேப்பாங்க, டோஸுக்கு நடுவுல இடைவெளி வேணும், அதனால இந்த வாரமே போயிடுங்க.