மடியில் வைத்துப் போகலாமா? கைக்குழந்தையுடன் கடலூரிலிருந்து மதுரைக்கு

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. அடுத்த மாதம் மதுரைப் பக்கம் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து. காரில் போகிறோம். குழந்தைக்கென்று தனியாக மாட்டும் கார் சீட் எதற்கு, மடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். வாந்தி வராமல் தூங்குவதற்கு மருந்து கொடுத்துவிடு என்கிறார் அண்ணி. என்ன செய்யலாம்?

குழந்தை நல மருத்துவரின் பதில்:

முதலில் மருந்து விஷயம். வேண்டவே வேண்டாம். பயண வாந்திக்கென்று கடையில் வாங்கும் அவோமின் போன்றவற்றில் இருப்பது புரோமெத்தசின். இரண்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கக் கூடாது; மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். தூக்கம் வரட்டும் என்று சளி சிரப் கொடுப்பதும் அதே தப்புதான். இந்த வயதில் பயண வாந்தி அபூர்வம். வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுப் புழுக்கத்தில் உட்கார்ந்தால்தான் பெரும்பாலும் கக்குவார்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இட்லி கொடுங்கள். காரில் தொங்கும் வாசனைப் பொருளைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது மடி. மாமியாரின் பாசத்தில் குறை ஒன்றும் இல்லை, கைதான் தாங்காது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 11 கிலோ குழந்தை அந்த நொடியில் பல மடங்கு எடையாகி முன்னே பாயும். எவ்வளவு பலசாலியாலும் பிடித்து நிறுத்த முடியாது. பெல்ட் போடாமல் மடியில் வைத்திருந்தால் பெரியவரின் எடையும் சேர்ந்து குழந்தையை நசுக்கும். இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவதும் அப்படித்தான். முன் சீட்டில் மடியில் வைப்பது இன்னும் மோசம், அங்கே ஏர்பேக் விரியும். சட்டமும் இதைச் சொல்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

கார் சீட்டைப் பின் இருக்கையில், காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி மாட்டுங்கள். கால் மடங்குகிறதே என்று கவலைப்பட வேண்டாம், அவனுக்கு அது வசதிதான். சீட்டில் எழுதியிருக்கும் எடை, உயர அளவைத் தாண்டும் வரை இப்படியே போகலாம். வாருக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தால் போதும்.

அழுவான், நிச்சயம். அதனால் பயண நாளில் முதன்முதலாக உட்கார வைக்காதீர்கள். இப்போதே வாங்கி, வீட்டுக் கூடத்தில் போட்டு விளையாட விடுங்கள். பிறகு தேவனாம்பட்டினம் பீச் வரை ஒரு சுற்று, அப்புறம் நெல்லிக்குப்பம். ஓடும் காரில் எவ்வளவு அழுதாலும் வாரைக் கழற்றக் கூடாது. ஓரமாக நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். ஒருமுறை கழற்றினால் அடுத்த முறை இரண்டு மடங்கு அழுவான்.

பண்ருட்டி, மடப்பட்டு வழியாகப் போனால் 300 கிலோமீட்டருக்கு மேல். வீட்டுப் பெரியவர்கள் அதிகாலை இரண்டு மணிக்கே கிளம்பச் சொல்வார்கள். குழந்தை தூங்குவான், சரி. ஓட்டுபவருக்கும் அந்த நேரத்தில்தான் கண் சொக்கும். ஐந்து மணி போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்க விடுங்கள்: உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி தாண்டி விராலிமலை. விராலிமலையில் மயில் கண்ணில் பட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. டீ குடிக்கும் நேரம்தானே என்று தூங்குகிறவனைக் காரிலேயே விட்டுப் போகாதீர்கள். வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

பண்ருட்டியில் முந்திரி வாங்காமல் யாரும் தாண்ட மாட்டார்கள். அதை டிக்கியில் வையுங்கள். முழு முந்திரி, வேர்க்கடலை, திராட்சை எல்லாம் இந்த வயதில் தொண்டையை அடைக்கும். ஓடும் காரில் அடைத்தால் ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. தின்பதற்கு இட்லி, வாழைப்பழம். அதையும் வண்டி நிற்கும்போது. தயிர்சாதத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியம் வரை வைக்க வேண்டாம்.

திரும்பும் பயணத்தை யாரும் யோசிப்பதில்லை. புதிதாகக் குத்திய காதில் கார் சீட்டின் பக்கத் திண்டு உராயும். அன்றைக்கே திரும்பினால் வழியெல்லாம் அழுகைதான். முடிந்தால் ஓரிரு நாள் தங்கிவிட்டு வாருங்கள். இல்லையென்றால் திண்டின் மேல் மெல்லிய பருத்தித் துணி விரித்து, வாரை மாட்டும்போது தோடு சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டைத் தலைக்கு வெயில் படாமல் ஜன்னலுக்குத் திரை போதும், காருக்குள் தொப்பி வேண்டாம்.