ஆற்றை அளப்பவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

"அணைக்கு நீர்வரத்து வினாடிக்கு 20,000 கன அடி" என்று தினமும் செய்தி வருகிறது. இதை எப்படி அளக்கிறார்கள்?
– ஒரு வாசகர், மேட்டூர்

பெரும்பாலான அணைகளில் நீர்வரத்தை யாரும் அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே இருப்பு எவ்வளவு ஏறியது, மதகு வழியாக எவ்வளவு போனது, எவ்வளவு ஆவியானது, மூன்றையும் கூட்டினால் வருவதே நீர்வரத்து. இருப்பில் குறைந்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேட்டூர் முழுக் கொள்ளளவில் இருக்கும்போது நீர்ப்பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். மட்டத்தை 1 சென்டிமீட்டர் பிசகாகப் படித்தால் 5.3 கோடி கன அடி தண்ணீர் கணக்கில் கூடும் அல்லது குறையும். ஒரு நாள் சராசரியில் அது வினாடிக்கு 600 கன அடிதான், பொறுத்துக்கொள்ளலாம். அதே பிசகு ஒரு மணி நேரக் கணக்கில் வந்தால் வினாடிக்கு 14,700 கன அடி! காற்று வேகமாக வீசும் நாளில் தண்ணீர் ஒரு கரைப்பக்கம் ஒதுங்கி மட்டம் ஏறுவதும் உண்டு. ஆகவே மணிக்கொரு நீர்வரத்தை அப்படியே ஆய்வுக்கு எடுக்காதீர்கள். நாள் சராசரியை எடுங்கள்.

ஆற்றிலேயே நேரடியாக அளக்கும் இடங்கள் தனி. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் நிலையம் இருக்கிறது. கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன 177.25 டி.எம்.சி.யும் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) அங்கே அளந்துதான் கணக்காகிறது. வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் நாளிதழ்ச் செய்தியை நீங்களே சரிபார்க்கலாம்.

கல்லூரி மாணவர்களை வைத்து எங்கள் ஊர் ஆற்றில் நீரோட்டம் அளக்க முடியுமா?
– ஓர் ஆசிரியர், அம்பாசமுத்திரம்

தாராளமாக முடியும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. ஆறு நேராக ஓட வேண்டும். பாறை, பாலத்தூண், சுழி இருக்கக் கூடாது. குறுக்கே கயிறு கட்டி அகலத்தை 20 முதல் 25 துண்டுகளாகப் பிரியுங்கள். எந்த ஒரு துண்டிலும் மொத்த நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. நடுவில் வேகமும் ஆழமும் அதிகம் என்றால் அங்கே துண்டுகளை நெருக்கமாக வையுங்கள்.

ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தை அளந்து, கிண்ண வகை நீரோட்டமானியை (ஓட்டத்தில் கிண்ணங்கள் சுற்றும் வேகமானி) இறக்குங்கள். ஆழம் குறைவென்றால் மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் ஓர் அளவு போதும். அதிகமென்றால் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் எடுத்துச் சராசரி பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது 40 வினாடி சுற்றுகளை எண்ண வேண்டும், அந்த எண்ணிக்கையிலிருந்துதான் வேகம் கிடைக்கும். உதாரணத்துக்கு, 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம், வேகம் மேலே 0.9, கீழே 0.5 என்றால் சராசரி வினாடிக்கு 0.7 மீட்டர். அந்தத் துண்டில் ஓடுவது வினாடிக்கு 4.2 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 148 கன அடி. எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் ஆற்றின் மொத்த நீரோட்டம்.

பிழை எங்கே வருகிறது? கிண்ணத்தில் பிளாஸ்டிக் பை, வேர், பாசி சுற்றிக்கொண்டால் அது மெதுவாகச் சுற்றும், நீங்களும் ஆறு வற்றிவிட்டது என்று எழுதுவீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் தூக்கிப் பாருங்கள். ஆழமான இடத்தில் கம்பியில் இறக்கினால் ஓட்டம் கம்பியைச் சாய்த்துவிடும், ஆழம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். சாய்வுக் கோணத்தைக் குறித்துத் திருத்த வேண்டும்.

கருவி இல்லையா? பாதிக்கு மேல் மூழ்கி மிதக்கும் ஆரஞ்சுப் பழம் போதும். 30 மீட்டர் தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறது என்று பார்த்து, அந்த வேகத்தை 0.85-ஆல் பெருக்குங்கள், மேற்பரப்பு எப்போதும் சராசரியைவிட வேகமாக ஓடும். தெர்மாகோலைப் போட்டால் காற்றின் வேகம்தான் கிடைக்கும்.

மணல் அள்ளிய பிறகு, அதே அளவு தண்ணீர் வந்தும் அளவுகோலில் மட்டம் ஏறுவதில்லை. தண்ணீர் குறைந்துவிட்டது என்று பதிவேடு சொல்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகர், முசிறி

பதிவேட்டில் இருக்கும் மட்டம் உண்மை, அதன் பக்கத்தில் எழுதிய கன அடி பொய். தினமும் ஆற்றில் இறங்கி அளக்க முடியாததால், பல நாள் அளந்து வைத்து, "இந்த மட்டத்துக்கு இவ்வளவு நீர்" என்று ஒரு வளைவு வரைந்துகொள்வார்கள். ஆற்றுப்படுகை மாறாத வரை அந்த வளைவு செல்லும். படுகை 30 சென்டிமீட்டர் இறங்கினால் அதே நீர் தாழ்ந்த மட்டத்தில் போய்விடும். பழைய வளைவைப் பிடித்தால் ஓடும் நீரைவிடக் குறைத்தே காட்டும். மணல் ஆறுகளில் ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும் வளைவைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.

வெள்ளம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மட்டத்தில் ஒரே அளவு நீர் ஓடாது என்பதும் நினைவிருக்கட்டும். ஏறும்போது நீர்ப்பரப்பின் சரிவு அதிகம், அதனால் ஓட்டமும் அதிகம். பெருவெள்ளத்தின் உச்ச அளவுகளில் பல, யாரும் அளக்காத உயரத்துக்கு வளைவை நீட்டி எழுதியவை. கட்டுரைகளில் இதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை.

தாமிரபரணிக்கு ஸ்வாட் என்ற கணினி மாதிரியை (மழையிலிருந்து ஆற்றோட்டத்தைக் கணிப்பது) ஓட்டினேன். மாதக் கணக்கு பொருந்துகிறது, நாள் கணக்கு பொருந்தவே இல்லை. ஏன்?
– ஓர் ஆய்வு மாணவி, திருநெல்வேலி

முதலில் தேதியைப் பாருங்கள். இந்திய வானிலைத் துறையின் மழையளவு காலை 8.30 மணிக்குப் படிக்கப்பட்டு, படித்த நாளின் தேதியில் பதிவாகிறது. அந்த மழையில் பெரும்பகுதி முந்தின நாள் பெய்தது. இதைக் கவனிக்காமல் விட்டால் மழையும் ஓட்டமும் ஒரு நாள் விலகி நிற்கும். மாதக் கணக்கில் இது மறைந்துபோகும், நாள் கணக்கில் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பெண்ணை (கணித்த ஓட்டம் அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) கெடுத்துவிடும்.

அடுத்தது அணை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகியவற்றில் திறந்துவிடுவது பாசனத் தேவையைப் பொறுத்தது, மழையைப் பொறுத்தது அல்ல. போதாக்குறைக்கு ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் கால்வாய்களுக்கு நீரைத் திருப்புகின்றன. திறப்பு விவரத்தைக் கொடுக்காமல் மாதிரியின் அளவுருக்களை (நாம் மாற்றியமைக்கும் எண்களை) திருகிக்கொண்டே இருந்தால் எண் ஒருவேளை பொருந்தும், காரணம் பொருந்தாது. மலைமேல் மழைமானிகள் குறைவு. சமவெளி மானியின் மழையை மலைக்கும் வைத்தால் மாதிரியில் நீர் பற்றாமல் போகும். கடைசியாக, மாதிரிக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளைச் சூடேற விட்டு (மண் ஈரம் போன்ற தொடக்க நிலைகள் சரியாகும் வரை ஓட விட்டு), அதன் பிறகே ஒப்பிடுங்கள்.

மகள் பிளஸ் டூ. ஆறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள். என்ன படிக்க வைப்பது?
– ஒரு தாய், குளித்தலை

பி.இ. சிவில் நேர்வழி. வேளாண் பொறியியல், புவியியல், இயற்பியல் வழியாகவும் வரலாம். பிறகு கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான நுழைவுத்) தேர்வு எழுதி நீரியல் அல்லது நீர்வளத்தில் எம்.டெக். ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் நீரியல் துறை 1972-இல் தொடங்கியது. அதே ஊரில் 1978 முதல் தேசிய நீரியல் நிறுவனம் இயங்குகிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம் உண்டு. முனைவர் பட்டக் காலத்தில் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் ரூ. 37,000.

ஆராய்ச்சி வேண்டாம், அரசு வேலை போதும் என்றால் மத்திய நீர் ஆணையத்துக்கு யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வு, நிலத்தடி நீர் வாரியத்துக்குப் புவி விஞ்ஞானி தேர்வு.

கல்லூரியில் சேரும் முன்பே கணிதத்தையும் புள்ளியியலையும் கெட்டியாகப் பிடிக்கட்டும். கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்), பைத்தான் (நிரல்மொழி), எச்.இ.சி.-ராஸ் (ஆற்றில் நீர் ஓடுவதைக் கணக்கிடும் மென்பொருள்) மூன்றும் இலவசம். ஆய்வுக்கு ஆறு தேர்ந்தெடுக்கும்போது தரவு கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். தென்னிந்திய ஆறுகள் பலவற்றின் தரவு இந்தியா-வாரிஸ் என்ற மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளத்தில் கிடைக்கும். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து போல நாட்டெல்லை தாண்டும் ஆறுகளின் தரவு அவ்வளவு எளிதில் கைக்கு வராது; அனுமதிக்குக் காத்திருந்தே ஓர் ஆண்டைத் தொலைத்துவிடலாம்.

களப்பணிக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா?
– ஒரு மாணவர், ஈரோடு

தெரிந்தால் நல்லது. தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஆழத்தை அடியிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்குங்கள். 10-ஐ எட்டினால் ஆற்றில் இறங்காமல் பாலத்திலிருந்தோ படகிலிருந்தோ அளக்க வேண்டும். அணைக்குக் கீழே அளப்பதாக இருந்தால், இறங்கும் முன் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் பேசி, அன்றைக்கு மதகு திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.